இன்னொரு ஊரில் ஒரு பிரதி

அன்புத் தங்கைக்கு,

நீ எடுக்கிற கல்யாணப் படங்களைச் சேமிக்க எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருந்தாய். பெயர் தெரிந்த எந்தக் கம்பனியினதையும் வாங்கு. எதுவானாலும் ஒரு நாள் நின்றுபோகும். எப்போது என்று விற்கிறவருக்கும் தெரியாது. அது நின்றுபோன அன்றைக்கு உன் கையில் என்ன மிஞ்சும் என்பதை இப்போதே யோசித்துவை. இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

முதலில் கணக்கைப் பார். 24 மெகாபிக்சல் கமராவில் ஒரு ரோ ஃபைல் 25 முதல் 30 எம்பி வரும். ஒரு கல்யாணத்தில் நலங்கு தொடங்கி ரிசப்ஷன் வரை மூவாயிரம் தடவை அமுக்கினால் 80, 90 ஜிபி. பன்னிரண்டு கல்யாணத்தில் ஒரு டெராபைட் நிறைந்துவிடும். கூகுள் போட்டோஸ் எல்லையில்லாத இலவச இடத்தை 2021 ஜூன் 1 ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. இப்போது இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி, தாலி கட்டும் நேரம் வரைக்கும் கூடக் காணாது. காசு கட்டி இடம் வாங்கினாலும், வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஒரு கல்யாணத்தை மேலேற்றப் பதினெட்டு, இருபது மணித்தியாலம் பிடிக்கும். எல்கடுவப் பக்கம் சிக்னல் எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே முழுத் தொகுப்பும் டிஸ்க்கில் இருக்கட்டும். தெரிவுசெய்து திருத்தி முடித்த படங்களை மட்டும் இணையத்தில் ஏற்று. வட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைக் கணக்கில் சேர்க்காதே. அது வழமையாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும்.

கொழும்பில் தொழில் செய்கிறவருக்கு இல்லாத ஒரு பொறுப்பு உனக்கு உண்டு. நீ எடுக்கிற ஆட்களில் பலருக்கு வேறு நல்ல படமே கிடையாது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பங்கள் பாதி இந்தியாவுக்கும் பாதி இங்குமாகப் பிரிந்தபோது, இருந்த ஒற்றை அல்பம் யாரோ ஒருவர் பெட்டியில் போயிற்று. 1983 ஜூலையில் மாத்தளை நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. முத்துமாரியம்மன் கோயிலின் பழைய சித்திரத் தேர்களும் அழிந்தன. தேரை மறுபடி செய்ய முடிந்தது. இன்றும் மாசி மகத்துக்கு ஐந்து தேரும் வீதிக்கு வருகின்றன. ஆனால் அந்தப் பழைய தேர்களைப் பார்க்க வேண்டுமென்றால், அதற்கு முன் யாரோ எடுத்து, எரியாத ஏதோ ஒரு வீட்டில் தப்பிக் கிடக்கும் படம்தான் ஒரே வழி. 2023 ஜூலை, ஓகஸ்டில் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்தார்களே, வழிநெடுகக் கைபேசிகள் உயர்ந்தன. அவற்றில் எத்தனை பழுதாகி, எத்தனை கைமாறிவிட்டனவோ.

படங்களை இப்படித் தொலைக்காமல் காக்க ஒரு விதி உண்டு. பீட்டர் குரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பெயரால் வழங்குவது; 3-2-1 என்பார்கள். படத்துக்கு மூன்று பிரதி. இரண்டு வகையான சாதனத்தில். அதில் ஒன்று வேறு இடத்தில். முதல் இரண்டையும் எல்லோரும் எப்படியோ செய்துவிடுகிறார்கள். மூன்றாவதில்தான் சோம்பல். மேசையில் ஒரு டிஸ்க், அலமாரியில் ஒரு டிஸ்க் என்றால், திருடன் வந்தாலும் கூரை ஒழுகினாலும் இரண்டும் சேர்ந்தே போகும். நம் மாத்தளை மாவட்டத்தில் இன்னும் ஒன்றைச் சேர்த்து யோசிக்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் மாத்தளை உட்பட மலைநாடெங்கும் மண் சரிந்தது. அந்த மாதிரி நாளில் பக்கத்து லயத்துச் சித்தி வீடு வேறு இடம் ஆகாது. ஒரே சரிவில் இருக்கிற இரண்டு வீடும் ஒரு வீடுதான். கொழும்பில் கடையில் நிற்கும் உன் கூடப்பிறந்த அண்ணன் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறார் என்றாய். இரண்டு டிஸ்க்கை அதற்கென்று ஒதுக்கு. வரும்போது ஒன்றைக் கொண்டுவரட்டும், போகும்போது புதிதாக நிரப்பிய மற்றதைக் கொண்டுபோகட்டும். மாதச் சம்பளம் கேட்காத ஏற்பாடு.

வேறு இடம் என்பதன் அருமையை நம் ஊரை விட நன்றாகச் சொல்ல இன்னோர் ஊர் இல்லை. அளுவிகாரையில் கி.மு. முதலாம் நூற்றாண்டில், பஞ்சத்திலும் போரிலும் மனனம் செய்த பிக்குகள் மாண்டுபோவதைக் கண்டு, திரிபிடகத்தை ஏட்டில் எழுதினார்கள் என்பது மரபு. 1848 கிளர்ச்சியின்போது அந்த விகாரையின் ஏடுகள் அழிந்தன. ஆனாலும் திரிபிடகம் அழியவில்லை. அதற்குள் அது மற்ற விகாரைகளுக்கும் கடல் கடந்து பர்மா, சீயம் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. சீகிரியாவையும் நினைத்துக்கொள். தொல்பொருள் ஆணையாளர் எச்.சி.பி. பெல்லின் காலத்தில், 1896, 1897 ஆம் ஆண்டுகளில், டி.ஏ.எல். பெரேரா என்ற வரைஞர் அந்தப் பாறையின் உயரத்தில் இருந்து அங்குள்ள ஓவியங்களைப் பிரதி எடுத்தார். பிரதிகள் கொழும்பு நூதனசாலைக்குப் போயின. எழுபது வருடம் கழித்து, 1967 ஒக்டோபரில், யாரோ இரவில் ஏறி ஓவியங்கள்மேல் பச்சைப் பெயின்டைப் பூசினார்கள். இத்தாலியிலிருந்து வந்த லூசியானோ மரான்சி முடிந்த மட்டும் மீட்டார். சேதம் வருமென்று தெரிந்து பெரேரா வரையவில்லை. ஒன்றுமே நடக்காத காலத்தில் வரைந்துவைத்ததால்தான் அது உதவுகிறது.

அடுத்த ஆபத்து, எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க். இதுவும் நாட்டில் எல்லோரும் பார்த்த கதைதான். 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் மீது பணம் பறிக்கும் வைரஸ் பாய்ந்தது. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் போயின. அந்தக் காலத்துக்கான பேக்அப்பும் அதே இணைப்பில் இருந்ததால் சேர்ந்து பூட்டப்பட்டது. தனியே கழற்றிவைத்த பிரதி இல்லை. உன் லெப்டொப்புக்கும் இதே விதிதான். கொப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்று. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் வருகிற ஊர் இது. கம்பி வழி வரும் மின்னல் செருகியிருப்பதையெல்லாம் சேர்த்துக் கருக்கும். இணையத்தோடு தானாக ஒத்துப்போகும் சேவைகளையும் நம்பியிருக்காதே. இங்கே தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும்.

வேலை செய்யும் ஒழுங்கைச் சொல்கிறேன். கமராவில் இரண்டு மெமரி காட் போடும் வசதி இருந்தால் இரண்டிலும் ஒரே படம் பதியும்படி வை. வீட்டுக்கு வந்ததும் 'கட்' பண்ணாதே, 'கொப்பி' பண்ணு. டெராகொப்பி மாதிரி, கொப்பி பண்ணியதை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் இலவச மென்பொருள் உண்டு; அதைப் பாவி. இரண்டு டிஸ்க்கில் ஏறி, எண்ணிக்கை சரியாக இருந்து, அங்கும் இங்குமாகப் பத்துப் படத்தை முழு அளவில் திறந்து பார்த்த பிறகுதான் காட்டை ஃபோர்மட் செய்ய வேண்டும். பொலித்தீன் பையில் சிலிக்கா ஜெல் போட்டு டிஸ்க்கை வை. லென்ஸில் பூஞ்சை பிடிக்கிற ஈரம் டிஸ்க்கையும் விடாது. வருடக்கணக்கில் அலமாரியில் தூங்கப்போகும் பிரதிக்கு எஸ்எஸ்டி வேண்டாம். மின்சாரம் காணாமல் நீண்ட காலம் கிடந்தால் அதில் பதிந்தது மங்கக்கூடும். சுழலும் பழைய வகை டிஸ்க்கே அதற்குப் போதும், விலையும் குறைவு.

ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதி, பிறகு ஊர், நிகழ்ச்சி என்று சேர். அப்படி எழுதினால் தானாகவே கால வரிசையில் நிற்கும். அதைவிட முக்கியம் ஆட்களின் பெயர். புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இறக்கும் வரை இங்குள்ள உழைப்பாளிகளைப் படம் எடுத்தார். மிகச் சில படங்களே மிஞ்சியிருக்கின்றன. மிஞ்சியவற்றிலும் இருப்பவர்கள் யார், எந்தத் தோட்டம் என்று பெரும்பாலும் இல்லை. பிளாத்தே போன்ற கொழும்பு ஸ்டூடியோக்கள் விற்ற தபால் அட்டைகளிலும் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண் என்பதோடு சரி. உன் பாட்டியின் பாட்டி அதில் இருக்கலாம்; அடையாளம் காட்ட ஒருவரும் இல்லை. ஆகவே படத்துக்குள்ளேயே எழுத இடம் தரும் குறிப்புப் பகுதியில் பெயர், தோட்டம், டிவிஷன் ஆகியவற்றைத் தமிழிலேயே எழுது. அதே விவரத்தை ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலிலும் எழுதி ஃபோல்டருக்குள் போடு. மென்பொருள் மாறினாலும் அது திறக்கும்.

பெயரெழுதிய படம் வெளியே போனால் ஆபத்தும் கூடும். கல்யாணப் பெண்களின் படங்கள் யார் கைக்கும் போகக்கூடாது. அண்ணன் வீட்டுக்குப் போகிற டிஸ்க்குக்குக் கட்டாயம் பூட்டுப் போடு. வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் போதும். கடவுச்சொல்லை மறந்தால் படமும் போனதுதான். அதைத் தாளில் எழுதி, டிஸ்க் இல்லாத இன்னொரு வீட்டில், நீ நம்புகிற ஒருவரிடம் கொடுத்துவை. திருவிழா, தொழிற்சங்கக் கூட்டம், பாடசாலை விழா போன்ற பொதுப் படங்கள் வேறு. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, 2005 முதல் ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். அதுவும் ஒரு தூரத்துப் பிரதிதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பரீட்சை வை. ஏதாவது ஒரு கல்யாணத்தைத் தேர்ந்தெடுத்து, உன் வீட்டு டிஸ்க் இரண்டும் தொலைந்தன என்று வைத்துக்கொண்டு, தூரத்து டிஸ்க்கிலிருந்து மட்டும் அதைத் திரும்ப எடு. கடவுச்சொல் நினைவிருக்கிறதா, கேபிள் பொருந்துகிறதா, படம் திறக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். திறந்து பார்க்காத பேக்அப் வெறும் நம்பிக்கை. டிஸ்க்கில் வழமையில்லாத சத்தம் கேட்டால், வேகம் குறைந்தால், பழுது பார்ப்போம் என்று மினக்கெடாமல் உடனே புதியதற்கு மாற்று.

இதற்கெல்லாம் காசு எங்கே என்று கேட்பாய். இரண்டாவது லென்ஸைக் கொஞ்சம் தள்ளிப் போடு. அடுத்த கல்யாணத்துக்கு விலை சொல்லும்போது டிஸ்க்கின் பங்கையும் சேர்த்துச் சொல். எத்தனை வருடம் படங்களை வைத்திருப்பாய் என்று ஒப்பந்தத் தாளில் ஒரு வரி எழுது. முழுத் தொகுப்பின் பிரதி ஒன்றைக் கல்யாண வீட்டாருக்கும் கொடுத்து, அது கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்கு. மாத்தளையில் இப்படிக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள். சிரித்தவர்களே பத்து வருடம் கழித்து, இறந்துபோன அப்பாவின் படம் இருக்கிறதா என்று கேட்டுத் தேடி வருவார்கள். அன்றைக்கு எடுத்துக் கொடுக்க முடிகிறவருக்குத்தான் இந்த ஊரில் தொழில் நிலைக்கும்.

அன்புடன்,
உன் அண்ணன்
திருகோணமலை வீதி, மாத்தளை