மூடிக்கிடந்த கிணற்றைத் திறக்கும்போது

ஆபிரகாம் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தர் மண்போட்டுத் தூர்த்தனர். மகன் ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டி, தகப்பன் இட்ட பெயர்களையே இட்டான் என ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, பல்லாண்டுகளின் பின் காணிக்குத் திரும்பிய குடும்பங்களுக்கு இது அந்நியக் கதையல்ல. பற்றை வெட்டியதும் நாம் முதலில் தேடுவது கிணற்றைத்தான். இன்னும் உறவினர் வளவில் காத்திருப்போருக்கும் இப்பாடம் உதவும்.

நமது நீர் எங்கிருந்து வருகிறது?

குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடி, அராலிப் பக்கமாகக் கடல்நீரேரியைச் சேர்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை செம்மண்ணூடாக இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தங்குகிறது. இந்த நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குச் சான்று. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். வெடிப்புகளூடாக நீர் விரைவாக ஓடுவதால், ஒரு வளவில் கொட்டியது அயல் வளவுக் கிணற்றுக்கும் போகும்.

சுன்னாகத்தில் இதைக் கண்டோம். மின்நிலையக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரை மாசாக்கிய வழக்கில், மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டும் என 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பணம் கிடைத்தாலும் கெட்ட கிணறு உடனே தெளியாது.

கண்ணுக்குத் தெரியாத மாசு

எண்ணெய் மிதந்தால் தெரியும், நைத்திரேற்று தெரியாது. அதற்கு நிறமோ மணமோ ருசியோ இல்லை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் யூரியாவை அளவுக்கு மேல் போட்டு நிரம்ப இறைத்தால், பயிர் எடுக்காத பங்கு கிணற்றுக்கு இறங்கும். மலசலகூடக் குழியிலிருந்தும் அது வரும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் போத்தல் பால் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து உதடும் நகமும் நீலமாகலாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் வற்ற அதன் செறிவு கூடும்.

நாம் செய்யவேண்டியவை

1. பாழ்கிணற்றில் உடனே இறங்க வேண்டாம். வெடிபொருள் கிடக்குமென ஐயமிருந்தால் கிராம அலுவலருக்கு அறிவிப்போம். நச்சுக்காற்றும் இருக்கலாம். நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது.

2. இறைத்துத் துப்புரவாக்கிக் குளோரின் இட்டாலும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் நீரைச் சோதிக்கும் வரை குடிக்க வேண்டாம். கிருமி, உவர், நைத்திரேற்று மூன்றையும் பார்க்கும்படி கேட்போம். நைத்திரேற்று கூடினால் குழந்தைக்கு வேறு நீரே கொடுப்போம்.

3. ஒரு கொப்பி வைப்போம். மாதம் ஒருமுறை முடிச்சிட்ட கயிற்றால் நீர்மட்டத்தை அளந்து, கண்ணாடிப் போத்தலில் நிறம், மணம், எண்ணெய்ப் படலம் பார்த்துத் திகதியுடன் எழுதுவோம். மாரிக்கு முன் ஒருமுறையும் தையில் ஒருமுறையும் ஆய்வுகூடச் சோதனை நல்லது.

4. கிணற்றுக்குக் கட்டு எழுப்புவோம். மலசலகூடக் குழியை இயன்றவரை 100 அடி தள்ளி அமைப்போம். கிருமிநாசினி தெளிகருவியைக் கிணற்றடியில் கழுவ வேண்டாம்.

5. யூரியாவை ஒரே தடவையில் போடாமல், விவசாயப் போதனாசிரியர் சொல்லும் அளவில் பங்கு பங்காகப் போடுவோம். எருவும் குழையும் தாழ்ப்பதை மறவாதிருப்போம்.

கலந்துரையாடுவோம்

நமது ஒழுங்கையில் எத்தனை கிணறுகள் சோதிக்கப்பட்டுள்ளன? கொப்பி எழுதும் பொறுப்பை யார் எடுப்பார்? நமது குழியும் தோட்டமும் யாருடைய கிணற்றுக்கு மேலே இருக்கின்றன?

ஈசாக்கின் கிணறுகளைக் குறித்து அயலவர் வாக்குவாதப்பட்டனர். நமக்கோ நிலத்தின் கீழ் எல்லைவேலி இல்லை. நமது கிணற்றைக் காப்பவர் அயலவரின் கிணற்றையும் காக்கிறார்.