பூனையின் நிறமும் குணமும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

கறுப்புப் பூனை குறுக்கே வந்தால் காரியம் கெடும் என்று வந்த வழியே திரும்புவோரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அமெரிக்காவிலோ செம்பூனை சாது என்றும், மூவண்ணப் பூனை கோபக்காரி என்றும் சொல்வோர் பலர். மயிரின் நிறத்துக்கும் குணத்துக்கும் தொடர்பு உண்டா? விலங்கியல் மாணவன் என்ற முறையில் நான் படித்தறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

நிறம் வரும் வழி

மயிருக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதில் கருமை தருவது ஒரு வகை; செம்மை தருவது மற்றொரு வகை. செம்மைக்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. அமெரிக்க, ஜப்பானிய ஆய்வாளர்கள் தனித்தனியே தேடி அதைக் கண்டறிந்து 2025-இல் வெளியிட்டனர்.

ஆண் பூனைக்கு எக்ஸ் ஒன்று, பெண்ணுக்கு இரண்டு. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் ஓர் எக்ஸ் ஓய்ந்துவிடும் என்பதை 1961-இல் மேரி லயன் என்ற ஆங்கிலேய அம்மையார் எடுத்துரைத்தார். ஆகவே ஓர் எக்ஸில் செம்மையும் மற்றதில் கருமையும் பெற்ற பெண் பூனையின் உடலில் இரு நிறத் திட்டுகள் தோன்றுகின்றன. வேறொரு மரபணுவால் வெண்மையும் சேர்ந்தால் அது மூவண்ணப் பூனை. மூவண்ணத்தில் ஆண் மிக மிக அரிது.

ஆய்வுகள் கூறுவது

2012-இல் வெளியான ஓர் ஆய்வில் கலிபோர்னிய ஆய்வாளர்கள் 189 பேரிடம் கருத்துக் கேட்டனர். செம்பூனை நட்பானது, வெள்ளைப் பூனை ஒதுங்கி நிற்பது என்பது அவர்களின் எண்ணம். 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வில் 1,274 பேரின் பதில்கள் ஆராயப்பட்டன. மூவண்ணப் பெண் பூனைகளும், வெள்ளையோடு கறுப்போ சாம்பலோ கலந்தவையும் மனிதரிடம் சற்று அதிகமாகச் சீறுவதாகத் தெரிந்தது. ஆனால் பதில் சொன்னவர்கள் பூனை வளர்ப்போர். ‘இது கோபக்காரி’ என்று முன்பே நம்புகிறவருக்குச் சிறு கீறலும் பெரிதாகத் தோன்றாதா?

ஒரு கணக்கு

ஓர் ஊரில் ஐந்து எக்ஸுக்கு ஒன்றில் செம்மை இருப்பதாகக் கொள்வோம். 100 ஆண் பூனைகளில் 20 சிவப்பாக இருக்கும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸிலும் அது வேண்டுமாதலால் 100-க்கு 4 மட்டுமே முழுச் சிவப்பு. எனவே செம்பூனையையும் மூவண்ணப் பூனையையும் ஒப்பிடுகிறவர், தம்மை அறியாமலே ஆணையும் பெண்ணையும் ஒப்பிடுகிறார். நிறத்தின் பேரில் எழுதப்படும் குணம் பாலின் குணமாகவும் இருக்கலாம் அல்லவா?

குணம் வரும் வழி

பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை மனிதர் கையில் எடுத்துப் பழக்கிய குட்டி, பின்னாளில் மனிதரை அண்டி வாழ்கிறது. தந்தைப் பூனையின் இயல்பும் குட்டிக்கு வருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. பிறப்பும் வளர்ப்பும் சேர்ந்தே குணத்தை ஆக்குகின்றன. நிறத்தை மட்டும் கண்டு குணத்தைக் கூற இதுவரை தக்க சான்று இல்லை.

எங்கள் ஊரில் கறுப்புக் குட்டி பிறந்தால் சாக்கில் போட்டு ஊர்க்கோடியில் விட்டுவிடுவார்கள். அந்த ஏழு வாரத்தில் ஒரு கையும் படாத குட்டி மனிதரைக் கண்டால் சீறத்தான் செய்யும். உடனே, ‘பார்த்தாயா, கறுப்பின் குணம்!’ என்பார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ‘இன்ன பிறப்புக்கு இன்ன புத்தி’ என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவன். ஆதலால் இந்தப் பாடம் எனக்குப் பூனையோடு நிற்கவில்லை. தோலையும் பிறப்பையும் பார்த்து ஒருவரை எடைபோடுமுன், அவருக்கு வளரும் வாய்ப்பு எப்படி இருந்தது என்று கேட்போமாக!