‘வாங்கினேன்’ என்ற சொல்லும் மூடப்பட்ட கடைகளும்

விடுமுறையில் வீடு திரும்பியபோது என் தம்பி முகம் வாடி உட்கார்ந்திருந்தான். மின்னியல் விளையாட்டுகள் விற்கும் சிறிய இணையக் கடையொன்று முன்னறிவிப்பு இல்லாமல் மூடப்பட்டிருந்தது. சேர்த்து வைத்த 60 ரிங்கிட்டில் அவன் வாங்கிய விளையாட்டுகள் எதுவும் திறக்கவில்லை. “காசு கொடுத்துத்தானே வாங்கினேன் அக்கா, அப்புறம் எப்படி அது என்னோடது இல்லாமல் போகும்?” என்று கேட்டான். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

தமிழில் ‘வாங்கு’ என்ற வினை பரந்த பொருளுடையது. கடையில் அரிசி வாங்குகிறோம். வங்கியில் கடன் வாங்குகிறோம். நூலகத்தில் புத்தகம் இரவல் வாங்குகிறோம். விரிவுரையாளரிடம் அனுமதி வாங்குகிறோம். பொருள் நம் கைக்கு வந்தது என்பதை மட்டுமே அச்சொல் உணர்த்துகிறது. அது நம்மிடமே தங்குமா, திரும்பிப் போகுமா என்பதை முன்னால் நிற்கும் சொல்லே தெளிவாக்குகிறது. அப்படியானால், இணையக் கடையில் நாம் செய்வது எவ்வகை வாங்குதல்? உலக அளவில் நடந்த மூன்று நிகழ்வுகளையும், அவற்றுக்குப் பயனீட்டாளர்கள் காட்டிய எதிர்வினைகளையும் பார்ப்போம்.

1. சில நாள்கள் மூடிய கடை (2010)

‘குட் ஓல்ட் கேம்ஸ்’ என்பது போலந்து நாட்டின் சிடி புரொஜெக்ட் குழுமம் 2008இல் தொடங்கிய கடை. பழைய கணினி விளையாட்டுகளை விற்றது. 2010 செப்டம்பர் 19ஆம் நாள், இனி இப்போதைய வடிவில் தொடர முடியாது என்ற அறிவிப்பு மட்டுமே அதன் பக்கத்தில் இருந்தது. பயனீட்டாளர்கள் திகைத்தனர். ஆனால், அனைவருக்கும் பாதிப்பு ஒன்றாக இல்லை. அக்கடையின் விளையாட்டுகளுக்குப் பூட்டு கிடையாது; நிறுவல் கோப்பைப் பதிவிறக்கி வைத்தவர்கள் கடையின் துணையின்றியே விளையாடலாம். பதிவிறக்காமல் விட்டவர்களே கலங்கினர். சில நாள்களில் கடை புதிய வடிவில் திரும்பியது. மூடியது விளம்பர உத்தி என்று தெரிந்ததும் கவலை கோபமாக மாறியது. நிர்வாகிகள் துறவியர் உடையில் தோன்றி மன்னிப்புக் கேட்டனர்.

2. எதிர்ப்புக்குப் பணிந்த கடை (2021)

2021 மார்ச் இறுதியில் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 3, பிஎஸ்பி, வீட்டா ஆகிய கருவிகளுக்கான கடைகளை அதே ஆண்டின் நடுப்பகுதியில் மூடப்போவதாக அறிவித்தது. முன்பு வாங்கியவற்றைத் தொடர்ந்து பதிவிறக்கலாம் என்றும் கூறியது. எனினும் எதிர்ப்பு வலுத்தது. காரணம் என்ன? வட்டாக வெளிவராமல் அக்கடைகளில் மட்டுமே கிடைத்த விளையாட்டுகள் பல. கடை மூடினால் அவற்றை இனி எவரும் முறையாகப் பெற முடியாது. இங்கே பயனீட்டாளர்கள் தம் பணத்துக்காக மட்டும் பேசவில்லை. ஒரு காலத்தின் படைப்புகள் மறைவதை எண்ணியும் வருந்தினர். ஏப்ரல் 19ஆம் நாள் சோனி தன் முடிவு தவறு என ஒப்புக்கொண்டு, பிளேஸ்டேஷன் 3, வீட்டா கடைகளை மூடும் திட்டத்தைக் கைவிட்டது.

3. பணத்தைத் திருப்பிய கடை (2022)

கூகுளின் ‘ஸ்டேடியா’ 2019 நவம்பரில் தொடங்கியது. விளையாட்டு தொலைவிலுள்ள கணினியில் ஓடும். நம் திரைக்குக் காட்சி மட்டுமே வரும். பதிவிறக்கி வைக்க வழியே இல்லை. 2022 செப்டம்பர் 29இல் மூடல் அறிவிக்கப்பட்டது. 2023 சனவரி 18இல் சேவை நின்றது. தன் கடைகளில் விற்ற கருவிகளுக்கும் விளையாட்டுகளுக்கும் உரிய பணத்தைக் கூகுள் திருப்பித் தந்தது. மாதச் சந்தாவுக்குத் தரவில்லை. பலர் இதை நேர்மையான செயல் எனப் பாராட்டினர். ஆனால், ஒரே விளையாட்டில் பல்லாயிரம் மணி நேரம் செலவிட்டவர்களுக்குப் பணம் ஆறுதலாக இல்லை. தாங்கள் வளர்த்த கதாபாத்திரத்தை வேறு தளத்துக்கு மாற்றித் தரும்படி அவர்கள் கேட்டனர்.

இம்மூன்றையும் ஒப்பிடும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. கையில் கோப்பு இருந்தவர் கடையின் நடத்தையைக் கண்டித்தார். கையில் ஒன்றும் இல்லாதவர் கடையின் கருணையை எதிர்பார்த்தார். எதிர்வினையை முடிவு செய்தது விலையன்று. எது எவர் கையில் இருந்தது என்பதே.

சட்டமும் இச்சொல்லைக் கவனித்துள்ளது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2024இல் இயற்றப்பட்டு 2025 சனவரி 1இல் நடப்புக்கு வந்த சட்டத்தின்படி, மின்னியல் பொருளை விற்கும் கடை, தருவது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குக’ போன்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது. நிரந்தரமாகப் பதிவிறக்கி, கடையின் தொடர்பின்றிப் பயன்படுத்தக்கூடிய பொருள்களுக்கு விலக்கு உண்டு. விலைக்கு வாங்குவதையும் இரவல் வாங்குவதையும் பிரித்துக் காட்டும் முயற்சி இது எனலாம்.

விளையாட்டு சிறுபிள்ளைத்தனம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. மாணவர்களாகிய நாம் மின்னூல், பாடல், மென்பொருள் எனப் பலவற்றையும் இவ்வாறே பெறுகிறோம். எனவே, பணம் செலுத்துமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம். இதைப் பதிவிறக்கி வைக்க முடியுமா? இணையத் தொடர்பின்றி இது இயங்குமா? கடை மூடினால் என்ன கிடைக்கும் என்று ஒப்பந்தம் சொல்கிறது?

தம்பியின் 60 ரிங்கிட் திரும்பவில்லை. “நீ விலைக்கு வாங்கவில்லை தம்பி, இரவல்தான் வாங்கினாய், அதை அவர்கள் உன்னிடம் சொல்லவில்லை” என்றேன். சற்று யோசித்துவிட்டு அவன் கேட்டான்: “இரவல் என்றால் எதற்கு அக்கா முழு விலை?” அவன் கேள்வி நியாயமானது. அதை இனி நாமும் கடைக்காரர்களிடம் கேட்க வேண்டும்.