மணவாயிலுக்கு ரிப்பன் பூச்சரம்



தோட்டத்தில் திருமணம் என்றால் லயமே திரண்டு பந்தலிட்ட காலம் ஒன்று இருந்தது. முதல் நாள் மாலையில் வாழைமரம் வரும், குருத்தோலை வரும், மரவள்ளி மாவில் காய்ச்சிய பசையால் பிள்ளைகள் வண்ணத்தாள் கொடிகளை ஒட்டுவார்கள். இன்றோ மண்டபத்திற்கும் அலங்காரத்திற்கும் கடன் வாங்கிச் செலவழித்துவிட்டு, மணமக்கள் மறுவீடு சென்று திரும்பிய பின்னரும் அக்கடனைத் திங்கள்தோறும் அடைத்து வரும் குடும்பங்களை நாம் காண்கிறோம். வாடகை அலங்காரமே கூடாது என்பதன்று நம் கருத்து. வாயிற் சரத்தையேனும் வீட்டார் கைகளே செய்துவிடலாம் அல்லவா?

வண்ணத்தாளில் ஒரு குறை உண்டு. நனைந்தால் சாயம் ஒழுகும். நம் நாட்டு மாலை மழையை அறியாதார் யார்? கடைகளில் விற்கும் சாட்டின் ரிப்பன் பெரும்பாலும் பாலியெஸ்டர் இழையால் ஆனது. நனைந்தாலும் உதறி உலர்த்திக் கொள்ளலாம்.

இனி, வாங்கும் முன் கணக்கு. ரிப்பன் பெரும்பாலும் 25 கெஜச் சுருளாக விற்கப்படுகிறது. ஒரு கெஜம் 91.44 செ.மீ.; எனவே ஒரு சுருள் 22.86 மீட்டர். ஒரு பூவிற்கு 90 செ.மீ. எனக் கொண்டால் 25 பூக்கள் கிடைக்கும், 36 செ.மீ. மிஞ்சும். ஓர் அங்குல அகலமுள்ள ரிப்பனே இதற்கு ஏற்றது.

துண்டை வெட்டியதும் முனையில் இழை பிரியத் தொடங்கும். சாய்வாக வெட்டினால் பிரிவது குறையும். பெரியவர் ஒருவர் மெழுகுவத்திச் சுடரின் ஓரத்தில், சுடரைத் தொடாமல், நொடிப்பொழுது காட்டினால் இழைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தி ரிப்பனோ உருகாது, தீப்பற்றும். ஆதலின் சிறு துண்டில் சோதித்துப் பார்த்தல் நன்று. மாணவர்கள் நெருப்பின் பக்கம் செல்லலாகாது.

இப்பொழுது பூ. ஊசியில் நூலை இரட்டையாகக் கோத்து முடிச்சிடுக. ஒற்றை நூல் இழுக்கும்போது அறுந்து, பாதி வேலையை வீணாக்கும். ரிப்பனின் ஒரு விளிம்பை ஒட்டி, அரை செ.மீ. இடைவெளியில் ஊசியை மேலும் கீழுமாக நுழைத்து, கடைசி வரை ஓட்டுத் தையல் இடுக. பின்னர் நூலை மெல்ல இழுத்தால் ரிப்பன் சுருங்கி அலையலையாகும். 90 செ.மீ. நீளம் ஏறத்தாழ 30 செ.மீ. ஆகும்வரை இழுத்தால் போதும். அதற்கு மேல் சுருக்கினால் இதழ் விரியாது. ஒரு முனையை இறுகச் சுருட்டி மொட்டாக்கி, அதனைச் சுற்றி மற்றதைத் தளர்வாகச் சுற்றி வருக. ஒவ்வொரு சுற்றுக்கும் அடியில் இரண்டு தையல் போட வேண்டும். முதற்பூ கோணலாகத்தான் வரும். ஐந்தாவது பூவில் கை பழகிவிடும்.

இது பெண்பிள்ளைகளின் வேலை எனக் கைகட்டி நிற்கும் மாணவர்களுக்கு ஒரு சொல்: தோட்டத்தில் குருத்தோலைத் தோரணம் பின்னியவர்கள் உங்கள் தாத்தாக்களே.

வாயிலின் அகலம் 3 மீட்டர் எனக் கொள்வோம். கயிறு நடுவில் அரை மீட்டர் தாழ்ந்து தொங்க வேண்டுமானால் 3.2 மீட்டருக்குச் சற்று மேல் தேவை. இரு முனைகளிலும் முடிச்சிற்கு இடம்விட்டு 4 மீட்டர் வெட்டிக்கொள்க. 30 செ.மீ.க்கு ஒன்றாகப் பதினொரு பூக்கள் கட்டலாம். ஆக, ஒரு சுருளில் இரண்டு சரங்கள். எஞ்சும் மூன்று பூக்கள் சீர்த்தட்டிற்கு ஆகும். நிறத்தில் மஞ்சளும் சிவப்பும் மங்கலமானவை. பச்சை ரிப்பனை மடித்து இலையாகச் சேர்க்கலாம். கறுப்பைத் தவிர்க்க.

ரிப்பன் சரம் வந்ததென்று மாவிலையையும் குருத்தோலையையும் கைவிட வேண்டா. மங்கலத் தோரணத்தில் நான்கு குருவிகள் இருக்கும். துக்க வீட்டுத் தோரணத்தில் மூன்று குருவிகள் இருக்கும். இவ்வேறுபாடு அறியாத இளைஞர் பெருகிவிட்டனர். வீட்டிலுள்ள முதியோரிடம் பின்னும் முறையை இப்பொழுதே கேட்டறிக.

மணம் முடிந்ததும் சரத்தைக் கத்தரியால் அறுக்காமல் முடிச்சவிழ்த்து இறக்கி, நன்கு உலர்த்தி, பிஸ்கட் டின்னில் நெருக்காமல் அடுக்கி வைத்தால் அடுத்த வீட்டுத் திருமணத்திற்கும் உதவும். நசுங்கிய இதழைக் கொதிநீர் ஆவியில் காட்டி விரலால் நீவினால் நிமிரும். இதுவும் பெரியவர் செய்ய வேண்டிய வேலையே.