எந்த நாத்தம்?

சில வருஷம் முன்பு ஒரு நாவல் எழுதி முடித்தேன். பாலாற்றங்கரையில் தென்னந்தோப்பு, ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் கழிவால் கிணறு உப்பாகி மரங்கள் பட்டுப்போகின்றன. இழப்பீடு கேட்டு அப்பா மனுப் போடுகிறார். மகனுக்கு அதே டேனரியில் வேலை. மனு ஜெயித்தால் அந்த டேனரிக்குப் பூட்டு விழும். வாயால் சொன்னபோது கேட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எழுதிக் கொடுத்ததும் முப்பதாம் பக்கத்தோடு மூடிவைத்தார்கள்.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், டேனரிகளின் மாசுக்கு எதிரான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற அந்தத் தீர்ப்பை ஓர் அத்தியாயம் முழுக்க இறக்கியிருந்தேன். ஆறாம் வகுப்பு வரை படித்த அந்த அப்பா, டீக்கடையில் அதைப் பத்தி பத்தியாக ஒப்பிப்பார்!

காட்பாடியில் எங்கள் தெரு அண்ணன் ஒருவர், தினமும் ரயிலில் ஆம்பூர் போய்வந்து டேனரியில் உழைத்து ஓய்ந்தவர். அவர் மட்டும் முழுசாகப் படித்தார்.

"நாத்தம் நாத்தம்னு எழுதிகினே போற தம்பி. எந்த நாத்தம்?"

உப்புப் போட்ட பச்சைத் தோலுக்கு ஒரு வாடை. சுண்ணாம்பில் சல்ஃபைடு சேர்த்து முடி நீக்கும் இடத்தில் அழுகிய முட்டை. குரோம் டிரம் பக்கம் ஆசிட் நெடி. ஃபினிஷிங்கில் பெயின்ட். விரல் மடக்கிச் சொல்லிவிட்டு, "அதுவும் உன் பையனுக்கு எப்பிடி அடிக்கும்? எனக்கு ஒரு வாரத்துல பழகிப்போச்சு. ரயில்ல பக்கத்துல உக்காந்தவன் எழுந்து போவான், அப்பதான் தெரியும்" என்றார்.

என் நாவலில் மூக்கு என்னுடையது, கதை இன்னொருவனுடையது. எழுத நினைப்பவர்கள் ஒவ்வொரு காட்சியிலும் இது யார் மூக்கு என்று கேட்டுப் பாருங்கள். தகவலை மனப்பாடம் ஆகும்வரை படியுங்கள். எழுதும்போது பீரோவில் பூட்டிவிடுங்கள். டி. செல்வராஜின் 'தோல்' நாவலை நான் பிறகுதான் படித்தேன். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் கதை, 2012இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. அவர் வக்கீலாக இருந்தவர். சட்டம் என்னைவிட எத்தனையோ மடங்கு தெரிந்தவர். எழுதும் முன்பே படித்திருக்க வேண்டும்.

இப்போது திருத்தி எழுதுகிறேன். தீர்ப்பு அத்தியாயம் போய்விட்டது. நாத்தம் என்ற சொல் மூன்றே இடத்தில், மூன்றும் மகனை மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் வாயில். அண்ணனிடம் இன்னும் கொடுக்கவில்லை. பயமாக இருக்கிறது.