பழுப்பு நிலக்கரி யாருக்குச் சொந்தம்? சுதந்திரவாதத்தின் இரு கிளைகள்

மேல்நிலை வகுப்பில் அரசியல் கோட்பாடுகளை நடத்தும்போது பல ஆண்டுகளாக ஒரு தவற்றைச் செய்துவந்தேன். கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போடுவேன். இடப்பக்கம் ‘அரசு’, வலப்பக்கம் ‘சந்தை’ என்று எழுதுவேன். இடதுசாரி என்றால் அரசே நடத்தும், வலதுசாரி என்றால் தனியார் நடத்துவர். தேர்வுக்கு அது போதும்.

ஒருநாள் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். “சுரங்கத்துக்கு எங்க நிலத்தை எடுத்தது தப்புன்னு எங்க தாத்தா சொல்லுவார். அப்போ அவர் வலதுசாரியா சார்? ஆனா அவர் ஆயுசு முழுக்க செங்கொடிச் சங்கத்துல இருந்தவர்.”

என் கோட்டில் அந்தத் தாத்தாவுக்கு இடமில்லை. அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த மாணவியின் அப்பா சுரங்கத் தொழிலாளி. நகரியத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர். நெய்வேலியில் இந்தப் பாடம் வெறும் பாடமாக இருக்க முடியாது. ஒரே பெஞ்சில் நிலம் கொடுத்த வீடும் அந்த நிலத்தால் சோறு உண்ணும் வீடும் உட்கார்ந்திருக்கின்றன. யார் மனமும் புண்படாமல், எந்தக் கட்சிக்கும் சார்பாகப் பேசாமல் நடத்தியாக வேண்டும். அதற்காகத்தான் மறுவாரம் சுதந்திரவாதத்தைக் கையில் எடுத்தேன்.

லிபர்ட்டேரியனிசம் என்பதைச் சுதந்திரவாதம் என்று சொல்லிக்கொள்ளலாம். நம் பாடங்களில் வரும் தாராளவாதத்துக்கு இது உறவு. ஆனால் அதைவிடக் கறாரானது. ஒவ்வொருவரும் தம் உடலுக்கும் உழைப்புக்கும் தாமே உரிமையாளர். பிறர் சம்மதம் இல்லாமல் அவர்கள்மேல் அதிகாரம் செலுத்த அரசு உட்பட எவருக்கும் எளிதில் உரிமை வந்துவிடாது என்பது இதன் அடிப்படை. இதுவரை இடதும் வலதும் ஒன்றாகவே வருகின்றன. அமெரிக்கச் செய்திகளைப் பார்த்து இதைச் சந்தை ஆதரவாளர்களின் சொல் என்று நினைக்கிறோம். அந்தப் பொருளில் சொல்லை முதலில் பயன்படுத்தியவர் ஜோசப் தெஜாக் என்ற பிரெஞ்சுக்காரர்; ஆண்டு 1857. அவர் அரசையும் எதிர்த்தார், தனிச்சொத்தையும் எதிர்த்தார். சந்தை ஆதரவாளர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான்.

பிரிவு எங்கே தொடங்குகிறது? மனிதர் உருவாக்காத பொருள் ஒருவருக்கு எப்படிச் சொந்தமாகிறது என்ற இடத்தில். இதை விளக்கக் கோட்டை அழித்துவிட்டு, சுரங்கத்தின் குறுக்குவெட்டை வரைந்தேன். எங்கள் மாணவர்களுக்கு அது கைவந்த படம். மேலே விளைநிலம், அடுத்து மணலும் களிமண்ணும், அதன்கீழ் பழுப்பு நிலக்கரி, அதற்கும் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஆர்ட்டீசியன் நீர். ஒவ்வோர் அடுக்கின் பக்கத்திலும் “இது யாருடையது?” என்று எழுதினேன்.

மேலடுக்குக்கு உடனே பதில் வந்தது: பட்டா வைத்திருப்பவருடையது. வலது சுதந்திரவாதிகளின் பதிலும் ஏறக்குறைய இதுதான். ராபர்ட் நோசிக் 1974இல் வெளியிட்ட ‘அராஜகம், அரசு, கற்பனை நாடு’ என்ற பொருள்படும் நூலில் மூன்று நிபந்தனைகள் சொல்கிறார். முதலில் நியாயமாகக் கைக்கொண்டிருக்க வேண்டும். பிறகு சம்மதத்தோடு கைமாறியிருக்க வேண்டும். இடையில் அநியாயம் நடந்திருந்தால் அது சரிசெய்யப்பட வேண்டும். மூன்றாவதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நம் மாநிலத்தில் அதைத் தாண்ட முடியாது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமன்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையை அடுத்து, 1892இல் பட்டியலின மக்களுக்காக ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களில் பல இன்று பிறர் கையில் இருக்கின்றன. நோசிக்கின் கணக்குப்படியே பார்த்தாலும் அங்கே இன்றைய பட்டா மட்டும் போதாது.

நிலக்கரி அடுக்குக்கு வந்ததும் வகுப்பு ஒரே குரலில் “அரசு” என்றது. நானும் முன்பு அப்படித்தான் நடத்தினேன். ஆனால் 2013இல் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், முறையான சட்டத்தால் பறிக்கப்படாதவரை நிலத்தடிக் கனிமத்தின் உடைமை நில உரிமையையே தொடரும் என்று தீர்ப்பளித்தது. தோண்ட உரிமம் வேண்டும் என்பது வேறு விஷயம். தீர்ப்பைச் சொன்னதும் அந்த மாணவியின் முகம் மாறியது. “அப்போ கரிக்கும் சேர்த்து விலை பேசியிருக்கணுமா சார்?” வலது சுதந்திரவாதி ஆம் என்பார். விற்க மறுக்கும் உரிமையும் உண்டு என்பார். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் தனியார் நிறுவனத்துக்கு நிலம் எடுக்க, பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் சம்மதம் வேண்டும். அரசு–தனியார் கூட்டுத் திட்டத்துக்கு 70 விழுக்காடு. பொதுத்துறை நிறுவனத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. வாங்குபவர் யார் என்பதை வைத்து விற்பவரின் சம்மதம் ஏன் மாறவேண்டும் என்று அவர் கேட்பார்.

இடது சுதந்திரவாதி இங்கேதான் பிரிகிறார். வயலைத் திருத்தியது உழவரின் உழைப்பு; அது அவருடையது. கரியை அவரும் உண்டாக்கவில்லை, நிறுவனமும் உண்டாக்கவில்லை. ஆகவே அதன் மதிப்பில் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. இவர் அரசை நம்பி இதைச் சொல்லவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1879இல் ‘வளர்ச்சியும் வறுமையும்’ எழுதிய ஹென்றி ஜார்ஜ், உழைப்பின் பலனுக்கு வரி கூடாது, நிலத்தின் மதிப்புக்கு மட்டும் வரி போதும் என்றார். நகரியம் வந்ததால் சுற்றுவட்டாரத்தில் மனை விலை ஏறியதே, அந்த ஏற்றம் மனைக்காரர் சம்பாதித்ததா என்று கேட்டால் வகுப்புக்கு ஜார்ஜ் புரிந்துவிடுகிறார். அலாஸ்கா மாநிலம் எண்ணெய் வருவாயின் ஒரு பகுதியை 1976இல் தொடங்கிய நிதியத்தில் சேர்த்து, 1982 முதல் ஆண்டுதோறும் குடியிருப்பவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துக் கொடுக்கிறது. கோட்பாடு நடைமுறைக்கு மிக அருகில் வந்த இடம் அது.

மேனாட்டுப் பெயர்களோடு நிறுத்தினால் மாணவர்களுக்கு அந்நியமாகிவிடும். 1959இல் ராஜாஜி முதலியோர் தொடங்கிய சுதந்திராக் கட்சி, வலப்பக்கத்துக்கு நம் நாட்டில் கிடைக்கும் நெருங்கிய எடுத்துக்காட்டு. அவ்வாண்டு காங்கிரஸ் நாக்பூரில் கூட்டுறவுப் பண்ணைகளுக்குத் தீர்மானம் போட்டது. உழவரின் நிலம் பறிபோகும் என்பது ராஜாஜியின் அச்சம். ‘பெர்மிட்–லைசென்ஸ்–கோட்டா ராஜ்யம்’ என்பது அவர் உண்டாக்கிய தொடர். ஆனால் 1937இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் அவரே. எந்தச் சுதந்திரவாதியும் அதை ஏற்கமாட்டார். மனிதர்கள் கோட்பாட்டுப் பெட்டிக்குள் அடங்குவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இடப்பக்கத்துக்குப் பூதான இயக்கம். 1951 ஏப்ரலில் போச்சம்பள்ளியில் வினோபா பாவே தொடங்கினார். காற்றும் நீரும் போல நிலமும் பொதுவானது என்பது அவர் கொள்கை; ஆனால் போலீசை வைத்துப் பிடுங்காமல், கேட்டுப் பெற நடந்தார். அதில் வளர்ந்த கிருஷ்ணம்மாள்–ஜெகந்நாதன் இணையர் கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு கீழத்தஞ்சைக்கு வந்து, 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலக்கிழார்களிடம் விலை பேசி வாங்கி, நிலமற்ற பட்டியலினப் பெண்களின் பெயரில் எழுதிக் கொடுத்தனர். நிலம் சமமாகப் போய்ச் சேர்ந்தது; கைமாறியதோ விற்பவரின் சம்மதத்தோடு. இதை எந்தப் பக்கம் எழுதுவது என்று வகுப்பில் பெரிய வாக்குவாதம். நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

2013இல் நெய்வேலி நிறுவனத்தின் பங்குகளை மத்திய அரசு விற்க முனைந்ததும், தொழிலாளர் எதிர்ப்பை அடுத்து 3.56 விழுக்காட்டைத் தமிழக அரசின் ஐந்து நிறுவனங்கள் வாங்கியதும் பல வீடுகளில் நினைவிருக்கிறது. வலது சுதந்திரவாதி எல்லாப் பங்கையும் சந்தைக்கு விடச் சொல்வார். இடப்பக்கத்தவர் சிலர் தொழிலாளர் கூட்டுறவிடம் கொடுக்கச் சொல்வார்கள். நடந்ததோ ஓர் அரசிடமிருந்து இன்னோர் அரசுக்குப் போனது. இரு கிளையும் சேர்ந்து முகம் சுளிக்கும் இடம் என்று சொன்னபோது குவார்ட்டர்ஸ் மாணவி சிரித்துவிட்டாள். “எங்க அப்பா அதைத்தான் சார் வெற்றின்னு சொன்னார்.” அதுவும் ஒரு தரப்புதான். அரசை நம்புவோரின் தரப்பு. அதைப் படத்துக்கு வெளியே தனியாக எழுதினேன்.

கடைசி அடுக்கில்தான் நானே தடுமாறினேன். கரியை எடுக்க அடியிலுள்ள நீரின் அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். அதற்காக இரவும் பகலும் நீரை இறைக்கிறார்கள். நீருக்கு வேலி கிடையாது. ஒரு நிலத்தின் அடியில் இறைத்தால், விற்காதவரின் கிணற்றிலும் மட்டம் இறங்கக்கூடும். அப்போது யாருடைய சம்மதத்தைக் கேட்பது? சம பங்கு என்றால் எத்தனை ஊருக்கு? பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. மணி அடித்தது. அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு, அவரவர் வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் காலத்துக் கிணற்றின் ஆழத்தைக் கேட்டு எழுதிவரச் சொன்னேன். மறுநாள் முதலில் நோட்டை நீட்டியவள் தாத்தாவைப் பற்றிக் கேட்ட அந்த மாணவிதான். மூன்று பக்கம் எழுதியிருந்தாள். எழுத்து அவளுடையதாகத் தெரியவில்லை.