தாத்தா பேரு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? பழைய பதிவுகளைத் தேடும் முறை



அண்மையில் நமது காரியாலயத்துக்கு ஓர் அக்கா வந்தாங்க. கணவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. சேமலாப நிதிப் பணத்துக்குப் போட்ட பத்திரங்கள் திரும்பி வந்துவிட்டன. விவாகப் பத்திரத்தில் பெரியசாமி, மரணப் பத்திரத்தில் பெரியண்ணன், அடையாள அட்டையில் இன்னொரு விதமான எழுத்து. "எல்லாம் ஒரே ஆளுதாங்க ஐயா" என்று அழுதாங்க. நமக்குத் தெரியும், பக்கத்து லயத்துக்கும் தெரியும். பணம் கொடுக்கிறவர்களுக்குப் பத்திரம்தானே தெரியும்! அவருடைய பிறப்புப் பதிவைத் தேட வேண்டியதாயிற்று.

இந்த நாட்டில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சட்டம் 1867ஆம் ஆண்டு வந்தது. 1897இல் கட்டாயமாயிற்று. இப்போது நடைமுறையில் இருப்பது 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் துரைக்கு அறிவிக்க வேண்டும், அங்கிருந்து மாவட்டப் பதிவாளருக்கு அறிக்கை போக வேண்டும் என்பது முறை. ஆகவே தோட்டத்துப் பிறப்புகளை ஊர்ப் பதிவாளரின் புத்தகத்தில் மட்டும் தேடிவிட்டு "இல்லை" என்று திரும்பி வராதீர்கள். மாவட்டப் பதிவாளர் பிரிவின் இடாப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பிறப்பு, விவாக, மரணப் பத்திரங்களின் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். கைத்தொலைபேசி உள்ள பிள்ளைகள் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். முகவரியின் கடைசியில் ஜிஓவி டொட் எல்கே என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அது அரசாங்கத்தின் தளம் அல்ல. டவுனில் "நான் எடுத்துத் தாறேன்" என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்களிடமும் கவனம்.

பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை சுலபம். தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தில் இடாப்பைத் தேடித் தரும்படி விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை வருடத்துக்குத் தேட வேண்டும் என்று அதில் கேட்பார்கள். இங்கேதான் நம் ஆட்கள் தடுமாறுகிறார்கள். "கொழுந்து நல்லா இருந்த வருசம்", "பெரிய மண்சரிவு வந்த வருசம்" என்று சொன்னால் எழுதுகிறவர் என்ன செய்வார்? முதலில் பாடசாலைச் சேர்வு இடாப்பு, ஞானஸ்நானப் பத்திரம், ஜாதகம், தோட்டத்துப் பழைய செக்ரோல் இவற்றில் வருடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தோட்டத்தின் பேர். நாம் வாயால் சொல்கிற தமிழ்ப் பேர் ஒன்று, புத்தகத்தில் உள்ள இங்கிலீஷ் பேர் வேறொன்று. தோட்டங்கள் 1972லும் 1975லும் அரசாங்கத்துக்குப் போய், 1992இல் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டன. இடையில் சில டிவிசன்கள் பிரிந்தன, சில சேர்ந்தன. பிறந்த காலத்தில் அந்த டிவிசன் எந்தத் தோட்டத்தோடு இருந்தது என்று ஒரு பழைய கணக்கப்பிள்ளையைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

ஆட்களின் பேரிலும் இதே கதைதான். எழுதினவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். முத்தாயி முத்தம்மாவாக இருப்பாள். சிலருக்குப் பேரே பதியாமல் பிள்ளையின் பால் மட்டும் இருக்கும். அதனால் தகப்பன், தாய் பேரை வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய பத்திரம் கையில் கிடைத்தால் உடனே மடித்து ட்ரங்குப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பிறந்த வருடமும் இடமும் எழுதுவதற்கு அதில் ஒரு கூடு உண்டு. பூட்டனாருக்கும் ஒன்று உண்டு. குடியுரிமைக்காக வைத்த கூடுகள் அவை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நம் பெரியவர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வந்து, 1964 ஒக்டோபர் 30ஆம் திகதியிலிருந்து இங்கே இருந்தவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுத்தது. ஒரு காலத்தில் நம்மை வெளியே நிறுத்திய அந்தக் கூடுகளே இன்று தாத்தா பிறந்த இடத்தைக் காட்டிக் கொடுக்கின்றன.

குடும்ப வரலாறு தேட வெளிநாட்டுத் தளங்களும் உண்டு. அவற்றில் தேவாலயப் பதிவுகளும் வெள்ளைக்காரர் பேர்களும்தான் அதிகம் கிடைக்கும். காசு கட்டி ஏமாற வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

எவ்வளவு தேடியும் இல்லை என்றால், இல்லை என்பதையே எழுத்தில் வாங்குங்கள். காலந்தாழ்த்திய பதிவுக்கு அந்தக் கடிதம் தேவை. அதற்கும் வழியில்லாத முதியவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

அந்த அக்காவின் விசயம்? கணவர் படித்த பாடசாலை இடாப்பில் திகதி கிடைத்தது. அதை வைத்துத் தேடியதில் மாவட்டப் பதிவாளர் இடாப்பில் பெரியசாமி என்றே இருந்தது. கிராம உத்தியோகத்தர் கடிதமும் சத்தியக் கடதாசியும் சேர்த்து மரணப் பத்திரத்தைத் திருத்தக் கொடுத்திருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. இதே மாதிரிப் பிரச்சினை உள்ளவர்கள் கையிலுள்ள பத்திரங்கள் எல்லாவற்றையும், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, எடுத்துக்கொண்டு பேர் போடும் நேரம் முடிந்த பிறகு காரியாலயத்துக்கு வாருங்கள்.